சென்மப் பாவத்தோடு பிறந்த கார்

யாகப்பர் அண்ணையின் மின்சாரக் காரை எங்கள் ஊரில் ஒருவரும் கார் என்று சொல்வதில்லை. 'காத்தாடி' என்பார்கள். பேசாலைக்குப் பின்னால் வரிசையாக நிற்கிற காற்றாலைகளில் ஒன்று, அவருடைய வளவில் நின்று பார்த்தால் வேலிக்கு அப்பால் நிற்பதுபோலத் தெரியும். அதிலிருந்து ஒரு வயர் நேரே இறங்கி அவருடைய காருக்குள் போகிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காற்றாலை வேண்டாம் என்று ஊர் பந்தல் போட்டுப் போராட்டம் இருந்த நாட்களில் அவரும் போய் இருந்தார். "அண்ணை, உங்கட காருக்குத் தீனி போடுறதே உதுதானே, நீங்கள் ஏன் இஞ்ச வந்து குந்திக்கொண்டு இருக்கிறியள்?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். அவர் எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

நான் மன்னார் நீதிமன்றத்தில் எழுதுவினைஞன். காலையில் அந்தக் காரில் போய் மாலையில் அதிலேயே திரும்புகிறவன். ஆகவே இதில் வருவதில் பெரும்பகுதி அதன் முன் இருக்கையில் இருந்து நான் கண்டதும் கேட்டதும்தான். மற்றது அவருடைய மனைவி அன்ரோனெற் அக்கா வேலிக்கு மேலால் சொன்னது.

யாகப்பர் அண்ணை முதலில் கடலுக்குப் போனவர். பிறகு ஒரு பழைய டீசல் வான் வாங்கி வாடகைக்கு ஓடினார். அந்த வான் போகாத இடம் இல்லை. கட்டுநாயக்காவுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விமானம் ஏற்றிவிடும். வவுனியா ஆசுப்பத்திரிக்கு அந்தரம் அவசரத்துக்கு ஓடும். ஆவணித் திருவிழாவுக்குச் சட்டி பானை, பாய், தறப்பாள், மூன்று குடும்பம் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு மடுவுக்குப் போகும். புகை விடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. முருங்கனில் வரும்போதே பேசாலைக்கு மணக்கும் என்று பகிடி விடுவோம். ஆனால் அது அவருடைய கால். கால் இருந்தவரைக்கும் அவரை ஒருவரும் வீட்டில் கண்டதில்லை.

அவருடைய ஒரே மகள் சுபாஜினி ஆசிரியை. நியமனம் கிடைத்தது மறிச்சுக்கட்டிப் பக்கத்தில், வில்பத்துக் காட்டின் விளிம்பில் ஒரு பள்ளிக்கூடம். திங்கள் விடியப் போய் அவளை விட்டுவிட்டு, வெள்ளி பின்னேரம் போய் ஏற்றிக்கொண்டு வருவார். அந்த வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு வேறு வாடகை கிடையாது. ஒரு முறை கொழும்புப் பயணம் ஒன்றை வேண்டாம் என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் பைத்தியமா என்று கேட்டேன். "பிள்ளை கிழமை முழுக்கப் பருப்பும் சோறும் திண்டுபோட்டு றோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பாள்" என்றார்.

யாகப்பர் அண்ணையின் அக்கா மேரி ரோஸ் நோர்வேயில் இருக்கிறா. இவர் குடும்பத்தோடு தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் கிடந்த வருடங்களில் இவர்களை விடாமல் தாங்கியவ அவதான். அக்காவுக்கு 'இல்லை' என்று சொல்ல அவருடைய வாய் பழகவில்லை. அக்காவின் மகன் ஜெராட் அங்கே பல்கலைக்கழகத்தில் வாகன எரிபொருட்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான். எது எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்று ஒப்பிடுகிற ஆராய்ச்சி. குழாயால் வருகிற புகையை மட்டும் பார்ப்பதல்ல. எண்ணெய் நிலத்திலிருந்து வெளியே வருகிற இடம், அதைச் சுத்திகரிக்கிற இடம், கப்பலில் வருகிற வழி, வாகனத்தைச் செய்த தொழிற்சாலை, கடைசியில் அதை உடைக்கிற இடம் வரைக்கும் எல்லாவற்றையும் கூட்டவேண்டுமாம். பெற்றோலுக்கு ஒரு கூட்டு, டீசலுக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. அதையும் நாட்டுக்கு நாடு வேறாகப் பார்க்க வேண்டும். இலங்கைக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. மாமன் இருக்கிறாரே.

அக்காவும் ஜெராட்டும் ஒரு விடுமுறைக்கு வந்து வானில் மடுவுக்குப் போய், அக்கா இருமி இருமிக் களைத்துத் திரும்பிய பிறகுதான் அக்காவின் காசில் இந்தக் கார் வந்தது. யாரோ ஓடி விட்ட வெள்ளைக் கார். பங்குத் தந்தை மந்திரித்த தண்ணீர் தெளித்தார். ஊரே வந்து பார்த்தது. அக்காவின் நிபந்தனை ஒன்றே ஒன்று: வானை உடைத்து இரும்புக்குப் போட வேண்டும். ஒன்றுக்குப் பதிலாக மற்றது என்றால்தான் ஜெராட்டின் ஒப்பீடு சரிவரும். யாகப்பர் அண்ணை "ஓம் அக்கா" என்றார்.

அவரால் உடைக்க முடியவில்லை. மறிச்சுக்கட்டியில் மகளுக்குத் தங்க அறை பிடித்துக் கொடுத்த றிபாத் என்ற பொடியன் கேட்டான், கொடுத்துவிட்டார். அக்காவுக்கு "வான் போயிட்டுது" என்று மட்டும் அறிவித்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை, தெற்கே போயிற்று. இது எனக்கும் அன்ரோனெற் அக்காவுக்கும் தெரியும்.

அன்றைக்குத் தொடங்கியது அவருடைய சிறை. மன்னார் தீவைச் சிறை என்று நான் சொன்னால் ஊரவர் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அந்தக் காரோடு வாழ்ந்து பார்க்கட்டும். நிரம்பச் சார்ஜ் ஏற்றினால் நூறு கிலோமீற்றர் ஓடும் என்று அது சொல்லும், சொல்வதெல்லாம் செய்வதில்லை. வவுனியாவுக்குப் போகலாம், வர முடியாது. மடுவுக்குப் போகலாம், அங்கே கூட்டத்துக்குள் எந்தக் கடைக்காரன் பொழுதுக்கும் வயரைக் கொளுவ விடுவான்? கட்டுநாயக்கா கனவு. வாடகைக்குக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் மிஞ்சியது நானும் என்னைப்போல மன்னார்க் கந்தோர்களுக்கு வேலைக்குப் போகிற இரண்டு பேரும்தான்.

அதுவும் போதாதென்று ஜெராட்டின் கட்டளைகள். இரவில் சார்ஜ் ஏற்றக்கூடாது. இரவில் இந்த நாட்டு மின்சாரத்தில் நிலக்கரிப் பங்கு கூட. மத்தியானத்தில் வெயில் மின்சாரம் மலிந்து கிடக்கும், அப்போது ஏற்றினால் புகைக் கணக்குக் குறையும். ஆகவே ஆட்கள் வாகனம் தேடுகிற உச்சி நேரத்தில் கார் வயரில் கட்டின மாடாக முற்றத்தில் நிற்கும். அவர் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். "பின்னால காத்தாடி சுத்துது, முன்னால நான் வெயிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறன்" என்று ஒருநாள் சொன்னார். சிரிக்கத்தான் சொன்னார், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்திருப்பார், மகளை ஏற்றப் போக முடிந்திருந்தால். முதல் வெள்ளிக்கிழமை மறிச்சுக்கட்டி வரைக்கும் போய், ஆசிரியைகள் தங்கும் வீட்டிலேயே காரைக் கொளுவினார். பழைய வயர் சூடேறி, வீடு முழுக்க இருட்டு. வீட்டுக்காரர் மரியாதையானவர், மறுமுறை வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். அடுத்த முறை ஒரு யோசனை செய்தார். மகள் பஸ்ஸில் சிலாவத்துறை வரைக்கும் வரட்டும், அங்கிருந்து தான் ஏற்றலாம். போகவரக் கூட்டினால் நூறுக்கு மேலே போகிறதே என்று நான் கேட்டேன்.

"நீ கடலுக்குப் போனனியே?" என்று திருப்பிக் கேட்டார். "சோளகத்துக்கு எதிராப் போகேக்க மூண்டில ரண்டு பங்கு எண்ணெய் முடியும். வரேக்க காத்து முதுகில பிடிச்சுத் தள்ளும். மிச்சம் ஒரு பங்கே கரைக்கு வரக் காணும்."

வள்ளத்துக்கு அது சரி. அவருடைய தகப்பன், பாட்டன் எல்லாம் அந்தக் கணக்கில்தான் கரைக்கு வந்தார்கள். தெற்கு நோக்கிப் போகும்போது சோளகம், அந்தத் தென்மேல் காற்று, முகத்தில் அறைந்து மூன்றில் இரண்டு பங்கைக் குடித்தது. அது அவர் சொன்னபடியே நடந்தது. திரும்பும்போது காற்று தள்ளத்தான் செய்தது, ஆனால் நாலு சில்லில் ஓடுகிற காரை வள்ளத்தைத் தள்ளுகிற மாதிரித் தள்ளவில்லை. அரிப்புக்கும் வங்காலைக்கும் இடையில், ஒரு வீடுகூட இல்லாத வெளியில் கார் நின்றது. தகப்பனும் மகளும் உழவு மெசின் ஒன்று வரும்வரை இருந்து, கயிறு கட்டி இழுபட்டு வந்து சேர்ந்தார்கள். பேசாலைச் சந்தியில் நின்ற கூட்டம் கைதட்டியது. "அப்பா, நான் இனிப் பஸ்ஸிலயே வாறன்" என்றாள் சுபாஜினி.

பஸ் மாறி மாறி வந்தால் வீட்டு வாசலை மிதிக்க இருட்டிவிடும். முதலில் கிழமைக்கு ஒருமுறை வந்தாள், பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒன்று. அன்ரோனெற் அக்கா வெள்ளிக்கிழமைகளில் மூன்று பேருக்குச் சமைத்து, சனிக்கிழமை அதைச் சூடாக்கிச் சாப்பிட்டா. "காரைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு பத்துது" என்று என்னிடம் சொன்னா. யாகப்பர் அண்ணை கார் ஓட்டும்போது ஒன்றும் பேசாமல் மைல் கணக்காகப் போவார். அந்த மௌனம் எனக்குப் பொறுக்காது, வானொலியைத் திருகிவிடுவேன். அவர் அதை நிறுத்திவிடுவார். வானொலி சார்ஜைக் குடிக்குமாம்.

அந்த நேரத்தில் றிபாத் ஒரு வேலை செய்தான். மறிச்சுக்கட்டி இருக்கிற தெற்கு முசலிப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கிற மன்னார் ஆசிரியைகளைச் சேர்த்து, வெள்ளிக்கிழமைகளில் வானில் மன்னார் பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து விடத் தொடங்கினான். அந்த வான்தான். சுபாஜினி அதில் தன்னுடைய பழைய மூலை இருக்கையில் இருந்து வருவாள். பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்குத் தகப்பனின் கார். வெள்ளிக்கிழமை மறுபடியும் வெள்ளிக்கிழமை ஆயிற்று. ஊருக்கு வானைத் தெரியும். ஊர் நோர்வேக்குக் கதைக்காது என்பது மட்டுமே அவருக்கு இருந்த பாதுகாப்பு.

இவ்வளவும் நடந்தும் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஜெராட்டின் ஆராய்ச்சி. ஒவ்வொரு நாளும் மாலை காரின் மீற்றரைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாரே, அந்தக் கணக்கு ஒருநாள் முடியும். நிலக்கரியை எரித்துக் கிடைக்கிற மின்சாரத்தில் ஓடுகிற கார் எங்கே சுத்தம்? கணக்கு டீசலின் பக்கம் விழுந்தால் அக்காவே தன் வாயால் விடு என்று சொல்லுவா. அப்போது முகம் முறியாமல் தப்பலாம். அதற்குப் பிறகு எப்பாடு பட்டாவது ஒரு வான். திங்களும் வெள்ளியும் மகளைத் தானே ஏற்றி இறக்கலாம். "பரீட்சையில பெயிலாகவேணும் எண்டு நேத்தி வைச்ச முதல் ஆள் நீங்கள்தான்" என்றேன். ஓம் என்று தலையாட்டினார்.

முடிவு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஆனி மாதத்தில். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு சுபாஜினிக்காகக் காத்திருந்தோம். கண்ணாடிகளை ஏற்றி, குளிரூட்டியும் போடாமல், உள்ளே வெந்துகொண்டிருந்தோம். வெளியே சோளகம் மண்ணை வாரி அடித்தது. தொலைபேசி அடித்தது. ஜெராட். ஒலிபெருக்கியில் போட்டார்.

"மாமா, கணக்கு முடிஞ்சுது. ஒண்டு சொல்லுறன், கவலைப்படாதேங்கோ. இண்டைய நிலையில உங்கட கார் அந்த வானை விடச் சுத்தமெண்டு சொல்ல ஏலாது."

யாகப்பர் அண்ணை என் தொடையில் கையை வைத்தார். "அப்ப இது சரிவராது எண்டு அம்மாட்டச் சொல்லு தம்பி" என்றார். குரலில் இருந்த சந்தோசத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"இல்லை மாமா, வடிவாக் கேளுங்கோ." பிறகு அவன் விளங்கப்படுத்தினான். நல்ல பிள்ளை, அதை நான் மறுக்கவில்லை. நல்ல பிள்ளைகளிடம் மாட்டினால் மீள்வது கடினம் என்று மட்டும் சொல்கிறேன். மின்சாரக் காரைச் செய்யும்போது, முக்கியமாக அதன் பற்றரியைச் செய்யும்போது, பெருந்தொகைக் கரியமில வாயு வெளியே போய்விடுகிறது. கார் றோட்டுக்கு வருவதற்கு முதலே அந்தப் பாவம் அதன் தலையில். பிறகு ஓட ஓட, டீசல் விட்டிருக்கும் புகையை இது விடாதபடியால், கொஞ்சம் கொஞ்சமாக அது கழிகிறது. நோர்வேயில் ஆற்றுத் தண்ணீரில் எடுக்கிற மின்சாரம், கெதியாகக் கழிந்துவிடும். இங்கே நிலக்கரியும் கலந்தபடியால் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் கழியும்.

"சென்மப் பாவம்" என்றார் யாகப்பர் அண்ணை.

"ஓம் மாமா, அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோ. இன்னும் நாப்பதாயிரம் கிலோமீற்றர் ஓடினா கழுவுப்பட்டிடும். அதுக்கு முதல் விட்டா, செய்த பாவம் மட்டும் மிச்சம். ஒண்டுமே செய்யாமல் இருந்திருக்கலாம் எண்டு ஆயிடும்."

"அவ்வளவு தூரம் ஓட இந்தப் பற்றரி தாங்காது தம்பி."

"அம்மா புதுசு அனுப்புவா. அதுக்கும் கொஞ்சம் பாவம் இருக்கு, பிறகு அதையும் ஓடிக் கழிக்கலாம்."

"சும்மா தலைமன்னாருக்கும் மன்னாருக்கும் ஓடிக் கழிச்சா?"

"வெறுமையா ஓடுறது கணக்கில வராது மாமா. ஆக்களை ஏத்தவேணும்."

ஆட்களை எங்கே ஏற்றுவது? ஏறுகிறவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். யாகப்பர் அண்ணையின் கை என் தொடையை விட்டுப் போயிற்று. எனக்கு ஆத்திரம் வந்தது. தொலைபேசியைப் பறித்து, தம்பி, நீ கூட்டிக் கழித்ததில் ஒரு மனுசனை விட்டுவிட்டாய் என்று சொல்ல வாய் உன்னியது. அதற்குள் ஜெராட் கேட்டான்.

"மாமா, ஒரே ஒரு விசயம். வானை உடைச்சாச்சுதானே? அது எங்கயாவது ஓடிக்கொண்டிருந்தா என்ர கணக்கு முழுக்கப் பிழை. வான்ர புகையும் இருக்கு, கார்ர புகையும் இருக்கு எண்டு ஆகும். கார் வந்ததில ஒரு பிரயோசனமும் இல்லை எண்டாகிடும். அப்பிடியெண்டா சொல்லுங்கோ, பரவாயில்லை. அம்மா அந்த வானைத் திருப்பி வாங்கி உடைப்பிச்சுப் போடுவா. அதோட கணக்கை மூடிப்போட்டு உங்களை விட்டிடுறன். காரை வித்துப்போட்டு விரும்பினதை எடுங்கோ."

சிறைக் கதவு திறந்து கிடந்தது. ஓம் தம்பி, வான் ஓடுது என்று சொல்ல வேண்டியதுதான். விடுதலை. ஆனால் செத்துக்கொண்டிருக்கிற பற்றரியோடு இந்தக் காரை விற்றால், இன்றைக்கு இந்த நாட்டில் வாகனம் விற்கிற விலைக்கு ஒரு பழைய ஓட்டோவும் வராது. வான் உடைபடும். றிபாத்தின் பிழைப்புப் போகும். வெள்ளிக்கிழமை போகும். இதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக நினைத்தாரோ தெரியாது. வீதியின் தெற்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கடலுக்குள்ள தம்பி" என்றார். "மீன் குடியிருக்கவெண்டு பழைய பஸ்ஸுகளைக் கடலில இறக்கிறவை. அந்த மாதிரி இறக்கிப்போட்டம். இப்ப அதுக்குள்ள கலவாய் மீன் நிக்குமாம்."

நீதிமன்றத்தில் வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சொல்லும் பொய்கள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இவ்வளவு வடிவான பொய்யைக் கேட்டதில்லை. "மாமா, இதை நான் கட்டாயம் எழுதுவன்" என்றான் ஜெராட். "அப்ப தொடர்ந்து ஓடுங்கோ. மீற்றர்ப் படத்தை மறக்காதேங்கோ."

"ஓம்" என்றார்.

தொலைபேசியை வைத்த பிறகு அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

வானுக்கு முன்னால் அதன் புகை வந்தது. வான் வந்து எங்கள் வெள்ளைக் காருக்குப் பின்னால் இருமிக்கொண்டு நின்றது. றிபாத் இறங்கி வந்து, "அண்ணன், எஞ்சின் சும்மா ராசா மாதிரி, இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றான். கடலுக்குள் கிடக்கிற வானைப் பார்த்து யாகப்பர் அண்ணை தலையசைத்தார். சுபாஜினி பையோடு இறங்கி வந்து பின் இருக்கையில் ஏறினாள். அவளுக்கும் ஜெராட்டின் கணக்கு முடியப்போகிறது என்று தெரிந்திருந்தது.

"அப்பா, ஜெராட் போன் எடுத்தவனோ?"

"எடுத்தவன். கணக்கு முடிஞ்சுது."

"அப்ப உங்களை விட்டிட்டினமோ?"

அவர் காரைக் கிளப்பினார். சத்தம் இல்லாத கார், ஆகவே பதில் வராதது நன்றாகக் கேட்டது. பஸ் நிலையத்தைத் தாண்டி, கழுதைகள் படுத்திருந்த வீதியால் திரும்பி, பேசாலைப் பக்கம் முகத்தை வைத்த பிறகு சொன்னார்.

"நீ ஒவ்வொரு வெள்ளியும் வாறாய்தானே பிள்ளை. எனக்கு அது காணும்."

பேசாலைக்கு வந்து சேர்ந்தோம். அன்ரோனெற் அக்கா சுறாப் புட்டோடு வாசலில் நின்றா. மகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனா. யாகப்பர் அண்ணை மட்டும் காருக்குள் இருந்தார். மீற்றரைப் படம் எடுத்து நோர்வேக்கு அனுப்பினார். வயரைக் கையில் எடுத்தவர், இருட்டிவரும் வானத்தைப் பார்த்துவிட்டு, நாளை மத்தியான வெயிலுக்கென்று வைத்துவிட்டார்.